ஒரு சுரம் கம்மி

எங்கள் பக்கத்தில் பாட்டுக் கச்சேரிக்கு வருகிறவர்கள் பாட்டுக்காரியின் புடவையைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிற பையனின் தலைமுடியைப் பார்ப்பார்கள், பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்ப்பார்கள். காதை யாரும் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. காரைக்குடியிலும் சுற்றுப்பட்டியிலும் பாதி ஆயுளை மேடையில் நின்று பாடியே கழித்தவள் சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் எழுதப் போவது எங்கள் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்த ஒரு மனிதரைப் பற்றி. அவரைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு இன்று வரை வரவில்லை.

அது தோளில் மாட்டி வாசிக்கிற கிட்டார் இல்லை. நாலு கால் வைத்த குட்டி மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துத் தந்தி. கீழே காலால் மிதிக்கிற பெடல்கள், முழங்காலால் தள்ளுகிற கம்பிகள். வாசிக்கிறவர் அதன் முன்னால் உட்கார்ந்து வலது கை விரல்களில் இரும்பு நகம் மாட்டிக்கொண்டு மீட்டுவார். இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துத் தந்தி மேல் நகர்த்திக்கொண்டே போவார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் இழுத்துக்கொண்டு போகும். கேட்டால், அடுத்த அறையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல இருக்கும். அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு, அதற்கு இந்த வாத்தியம் இல்லாமல் ஆகாது. லாரி ஓட்டுகிறவன், பெண்டாட்டி விட்டுப்போனவன், குடித்துவிட்டு அம்மாவை நினைத்துக்கொள்கிறவன், இவர்களுடைய பாட்டு அது.

இவர் சிங்கப்பூருக்குச் சமையற்கட்டு வேலைக்குப் போனவர். போன இடத்தில் அந்த ஹோட்டலில் கப்பல்காரர்களுக்காகக் கன்ட்ரி பாட்டு வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் குழுவின் பின்னாலேயே சுற்றி, கடைசியில் அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் டி.வி.யும் கொண்டுவந்தார்கள். இவர் மேசையைக் கொண்டுவந்தார். அதற்காக அவருடைய பெண்டாட்டி கடைசி வரை அவரை மன்னிக்கவில்லை. நானாக இருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன்.

ஊரில் அதைத் தையல் மிஷின் என்றார்கள். குன்றக்குடியில் ஒரு திருவிழாக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது ஓர் அம்மா மேடை ஓரத்துக்கு வந்து, கையில் ஒரு பையை நீட்டி, "அண்ணே, இந்த ரவிக்கை தோள்ல லூசா இருக்கு, கொஞ்சம் பிடிச்சுத் தச்சுக் குடுப்பீகளா" என்று கேட்டார். கேலிக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். "இன்னைக்கு நூல் எடுத்துட்டு வரலம்மா" என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் டிரம்ஸ் பையன் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு நூல்கண்டை வாங்கிவந்து அவர் நாற்காலியில் வைக்க ஆரம்பித்தான். வைத்துவிட்டுச் சிரிப்பான். அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசிக்க உட்காருவார்.

அவரிடம் ஒரு பழைய கேசட் இருந்தது. அட்டையில் பெரிய தொப்பி வைத்த பாட்டுக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் ஸ்டீல் வாசித்தவனின் பேர் அட்டையில் எங்கேயும் இல்லை. இவர் ஆயுள் முழுக்க வாசித்தது அந்தப் பேர் இல்லாதவனைக் கேட்டுத்தான். கேசட் தேய்ந்து அறுந்தபோது யாரோ அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். வேனில் போகும்போது ஒயரின் ஒரு முனையை என் காதில் வைத்து, "பாட்டைக் கேக்காத, அவன் மூச்சு விடுற எடத்தை மட்டும் கேளு" என்பார். அந்த இடங்களில் ஸ்டீல் வரும். பாட்டுக்காரன் திரும்ப வாயைத் திறப்பதற்குள் விலகிப் போய்விடும்.

"அங்க பாட்டுக்காரன் அழுகக் கூடாதும்மா. நெஞ்சை நிமித்திக்கிட்டுப் பாடணும். அழுகுறதுக்குத்தான் பின்னாடி எங்களை ஒக்கார வச்சிருக்காக" என்று ஒரு தரம் சொன்னார். "அப்ப உங்களுக்குச் சம்பளம் ஒப்பாரிக்குத்தானாண்ணே" என்றேன் நான். "ஆமா, என்ன இப்ப" என்றார்.

நான் எந்த வரியில் எங்கே மூச்சு வாங்குவேன் என்று என் புருசனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். சளி பிடித்திருந்தால் ஒரு சொல் முன்னாலேயே மூச்சு வாங்குவேன், அந்த இடத்திலும் சரியாக வந்து நிற்பார். நான் சரணத்தை மறந்துவிட்டு முழித்தால், ஏதோ முதலிலிருந்தே அப்படித்தான் பேசிவைத்திருந்தது போல நீளமாக ஓர் இழுப்பு இழுத்து எனக்கு நேரம் கொடுப்பார். ஜனங்கள் எனக்குக் கை தட்டுவார்கள். அவர்கள் கை தட்டியதில் பாதிக்கு மேல் நான் பாடாத இடத்துக்கு. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், எங்கள் முதலாளிக்கும் தெரியும்.

முதலாளி என்றால் குழுவை நடத்துகிறவன், கீபோர்டு வாசிக்கிறவன், என்னைவிடச் சின்னவன். மரியாதை குறைத்து எழுதுகிறேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். நேரிலும் இப்போது அப்படித்தான்.

கச்சேரி முடிந்தால் கல்யாண வீட்டுக்காரர் மேடையேறிக் கலைஞர்களுக்கு வரிசையாகப் பொன்னாடை போர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து முன்னால் வந்து பல்லை இளித்துக்கொண்டு நிற்போம். ஸ்டீல்காரரால் அப்படி எழ முடியாது. முழங்கால் இரண்டும் கம்பிகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும், தந்தியையும் உள்ளங்கையால் அமுக்கி அடக்க வேண்டும், இல்லையென்றால் அது பாட்டுக்கு இரைந்துகொண்டே இருக்கும். அவர் அடக்கிவிட்டு நிமிர்வதற்குள் ஆடைகள் தீர்ந்திருக்கும். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டு எண்பதாம் கல்யாணத்தில், ஒயர் சுருட்ட மேடைக்கு வந்த வேன் டிரைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இவருக்கு இல்லை. டிரைவர் பாவம், கூச்சப்பட்டுக் கழற்றி இவரிடம் நீட்டினான். "ஒனக்குப் போட்டது ஒனக்குத்தான்டா, பெரிய வீட்டு மரியாதை" என்று அவனுக்கே திரும்பப் போர்த்திவிட்டார். "எந்திரிச்சு நில்லுங்கண்ணே, யாருக்கும் நீங்க இருக்கிறதே தெரியல" என்று வேனில் சத்தம் போட்டேன். "தந்தி இரையுமேம்மா" என்றார்.

இப்படி இருந்த மனிதரை ஒரு நாள் முதலாளி செக்காலையில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். புதுக் கீபோர்டு வாங்கியிருந்தான். "அண்ணே, உங்க வாசிப்பு அழிஞ்சு போயிறக் கூடாதுண்ணே. ஒவ்வொரு சுரமாத் தனித்தனியாப் பதிஞ்சு வச்சிருவோம்" என்று சொன்னானாம்.

அடுத்து வந்த கல்யாணத்துக்குப் பாட்டு வரிசை பேச நானும் அன்று அங்கே போயிருந்தேன். மாடி அறையில் ஸ்டீல்காரர் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. புதுச் சட்டை, மடிப்புக் கலையாதது. முகம் முழுக்கப் பவுடர். தலைக்கு டை அடித்திருந்தார், அவசரத்தில் அடித்ததில் காதோரமெல்லாம் கறுப்பு. "எதுக்குண்ணே இதெல்லாம், சத்தத்தை மட்டும்தானே பதியப் போறாக" என்றேன். "இருக்கட்டும்மா, ரெக்கார்டிங்னா ரெக்கார்டிங்தானே" என்றார்.

ரோட்டில் போகிற ஆட்டோச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஜன்னலை அடைத்து மெத்தையைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறிச் சத்தமும் வேண்டாமென்று அதையும் நிறுத்தினார்கள். சித்திரை வெயில். அவர் ஒவ்வொரு தந்தியாக, ஒவ்வொரு சுரமாக வாசித்தார். மெதுவாக ஒரு தரம், அழுத்தி ஒரு தரம், கீழிருந்து இழுத்து ஒரு தரம், பெடலை மிதித்து ஒரு தரம். முதலாளி ஒவ்வொன்றுக்கும் "சூப்பர்ணே" என்றான். டை கலந்த வேர்வை அவர் காதுக்குப் பின்னால் கறுப்பாக வழிந்து புதுச் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை எடுக்க அவர் பயந்தார்.

மேல் காந்தாரத்துக்கு வரும்போது அது நடந்தது. பெடலை மிதித்து அந்தச் சுரத்துக்கு ஏறுகிற நேரத்தில், வேர்வையில் இரும்பு உருளை ஒரு மயிரிழை பின்னால் வழுக்கிவிட்டது. சுரம் ஏறியது, வந்து சேர வேண்டிய இடத்துக்கு வராமலே நின்றுவிட்டது. பதறிப்போய் நிமிர்ந்தார். "தம்பி, இது கம்மியாயிருச்சு. இன்னொரு வாட்டி எடுத்துருவோம்."

கீழேயிருந்து பிரியாணி வந்துவிட்டதாகக் குரல் வந்தது. "சாப்பிட்டுட்டுப் பாத்துக்கலாம்ணே" என்று முதலாளி எழுந்துவிட்டான். சாப்பிட்டுவிட்டு மேலே வந்தபோது மிச்சச் சுரங்களை எடுத்தார்கள். இவர் மறுபடி கேட்டார். "அதை நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கிர்றேன், நீங்க அலட்டிக்காதீக" என்றான் அவன்.

படியில் இறங்கும்போது அவர் என்னிடம், "இத்தனை வருசத்துல ஒருத்தன் என் வாசிப்பை மட்டும் தனியாக் கேட்டான் பாத்தியாம்மா" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு அப்போதே ஏதோ இடித்தது, ஆனால் பிரியாணி நன்றாக இருந்தது.

அடுத்த கச்சேரிக்கு வேன் கிளம்பியது. அவர் எப்போதும் ஏறுகிற முக்கில், வாத்தியத்தைக் கழற்றி அடக்கிய பெட்டியைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். முதலாளி டிரைவரிடம், "நிக்காத, போ" என்றான். நான் பின் சீட்டிலிருந்து கத்திய கத்தலில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டான். முதலாளி வேறு வழியில்லாமல் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, போன் பண்ண மறந்துட்டேன். இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்ல. வண்டியிலயும் எடம் இல்ல."

"அப்ப நாளைக்குப் புதுக்கோட்டைக்கு?"

"நாளைக்கும் இல்லண்ணே. நான் சொல்லி விடுறேன், நீங்க வீட்ல இருங்க." கண்ணாடி ஏறியது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வேனில் ஆள் இல்லாத சீட் தெரியும். அதில் கீபோர்டின் அட்டைப்பெட்டியை வைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் நான் பல்லவியைப் பாடி மூச்சு வாங்கினேன். பின்னாலிருந்து அவர் வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, மேடையென்று பார்க்காமல் திரும்பிவிட்டேன். முதலாளி அன்று மாடியில் பதிந்த சுரங்களை ஒற்றை விரலால் கீபோர்டில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கறிவேப்பிலையைக்கூட வாசனையை எடுத்துக்கொண்டு இலையோரத்திலாவது ஒதுக்கி வைப்பார்கள். இவன் மனிதனையே உருவி எடுத்துக்கொண்டு சக்கையை முக்கில் நிற்க வைத்துவிட்டு வந்திருந்தான். ஜனங்கள் கை தட்டினார்கள். ஒரு வித்தியாசமும் அவர்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது.

மேல் காந்தாரம் மட்டும் கம்மி. முதலாளி அதைச் சரி பண்ணவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. நான் பாடுகிற பாட்டுகளில் பாதியில் அந்தச் சுரம் வரும். ஒவ்வொரு தரமும் பல்லில் கல் கடிபட்டது போல இருக்கும். நாலைந்து கச்சேரிக்கப்புறம் என் குரலே அதற்கு ஏற்றாற்போல் இறங்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் தனியாகப் பாடும்போது அதைத் திரும்ப மேலே ஏற்ற நான் படாத பாடு பட்டேன்.

ஸ்டீல்காரர் எங்கள் கச்சேரி ஒன்றைக் கேட்க வந்தார். கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். முதலாளி முகம் செத்துவிட்டது. வேலை கேட்பார், பணம் கேட்பார், நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவார் என்று அவன் நினைத்தான். நானும் ஆசையாக அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"தம்பி, அந்த மேல் காந்தாரம் இன்னமும் கம்மியாத்தான் இருக்கு" என்றார். "ஒரே ஒரு சுரம். ஒரு நிமிசம் ஒதுக்குனா வந்து வாசிச்சுக் குடுத்துட்டுப் போயிர்றேன். காசெல்லாம் வேண்டாம்."

முதலாளிக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. "யாருண்ணே அதைக் கேக்கப் போறா. நீங்க ஒருத்தர்தான் கேக்குறீக. பாப்போம் பாப்போம்."

அவர் அதை நம்பினார். மறுநாள் காலையிலேயே செக்காலைக்குப் போனார். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் போனார். முதலாளி ஊரில் இல்லை என்று அவன் பெண்டாட்டி வாசலில் நின்று சொன்னாள், மாடியில் அவன் இருமுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. இவர் அதற்கும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், தூக்கிக்கொண்டு வருவார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டி சோறு போடும்போது திட்டுவதைப் பற்றியும் பேசவில்லை. அந்த ஒரு சுரத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். "ஏண்ணே, வெக்கமா இல்லையா உங்களுக்கு. வேலையைப் பிடுங்கினவன் வாசல்ல போயி நிக்கிறீக. சரியா வாசிச்ச காலத்துலயே உங்களை ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. இப்பத் தப்பைக் கண்டுபிடிக்கவா வரப் போறாக?"

"மத்ததெல்லாம் வாசிச்ச அன்னைக்கே காத்துல போயிருச்சும்மா. இது ஒண்ணுதான் தங்கப் போகுது. நான் செத்தப்பறமும் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிச்சுக்கிட்டே இருப்பேன். அதுல தப்பா வாசிக்கச் சொல்றியா?"

திட்டப் போனவள் அவர் பெண்டாட்டி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் வந்தது. பெண் வீட்டார் நான்தான் பாட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் முதலாளிக்குப் போன் பண்ணினேன். "அவருக்கு ஒரு நிமிசம் குடு. இல்லைன்னா நான் வரல. வேற ஆளைப் பாத்துக்க."

"ஒரு சுரத்துக்காகவாக்கா இவ்வளவு?"

"ஆமா, ஒரு சுரத்துக்குத்தான்."

அவனால் மறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் வரச் சொன்னான். நானே ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், நடுவில் ஏதாவது பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவான் என்று. அவர் பையில் துவைத்த துண்டு ஒன்று வைத்திருந்தார். மேலே போய் மேசையைப் பூட்டி, சுருதி சேர்த்து, இரண்டு கையையும் இரும்பு உருளையையும் துண்டால் துடைத்தார். மறுபடி துடைத்தார். முதலாளி பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசித்தார். பெடலை மிதித்தார். சுரம் கீழிருந்து ஏறிப் போய், போக வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது. தானாக அடங்குகிற வரைக்கும் யாரும் அசையவில்லை, முதலாளிகூடப் போனிலிருந்து தலையைத் தூக்கிவிட்டான். எத்தனையோ வருஷமாக இந்த மனிதர் என் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் செய்துகொண்டிருந்தார், நான் முன்னால் நின்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அடக்காமல் அழுதேன்.

"ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்க தம்பி" என்றார். போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டார். "போதும்" என்று சொல்லிவிட்டுச் சாமான்களைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். எனக்கு முதலாளி மேல் இருந்த ஆத்திரம்கூட அரைவாசி இறங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடுத்த மாதம் பேத்திக்குக் காது குத்து, பழனிக்கு வேண்டுதல், பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்க வேண்டும் என்று என்னென்னவோ. செக்காலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் கார்கள் அடைத்துக்கொண்டு ஆட்டோ நின்றுவிட்டது. உள்ளே வரவேற்புக் கச்சேரி, வெளியூர்க் குழு. ஒரு சின்னப்பெண் பாடிக்கொண்டிருந்தாள், நல்ல குரல். பல்லவி முடிந்து அவள் மூச்சு வாங்கினாள்.

ஒலிபெருக்கியில் ஸ்டீல் வந்தது. மேல் காந்தாரத்துக்கு ஏறியது. ஏறி, வந்து சேராமல் நின்றது.

அவர் பேச்சு அப்படியே நின்றுபோனது. ஆட்டோக்காரரின் தோளைத் தட்டி ஓரம் கட்டச் சொன்னார். பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி மண்டபத்துக்குள் போக ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். பாட்டு முடிகிற வரைக்கும் மேடையோரத்தில் காத்துக்கொண்டிருந்துவிட்டு, கீபோர்டு வாசிக்கிற இளைஞனிடம் குனிந்து கேட்டார்.

"தம்பி, இந்த ஸ்டீல் டோன் எங்குட்டு வாங்குனீக?"

"பென்டிரைவ்ல வந்தது பெரியவரே. உங்க ஊர்க் குழுவுலதான் வாங்கினோம். நல்லா இருக்குல்ல? மதுரையில இருந்து ராமநாதபுரம் வரைக்கும் இப்ப எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

"நல்லாத்தான் இருக்கு. மேல் காந்தாரம் மட்டும் கம்மி. கருவி கையோட கொண்டு வந்திருக்கேன். ஒரு நிமிசம் ஒதுக்குனா வாசிச்சுக் குடுத்துர்றேன், மாத்திக்கிறலாம்."

அந்த இளைஞன் நல்ல பிள்ளை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியவர் என்று எழுந்து நின்றே பதில் சொன்னான். "அது கம்மி இல்லீங்க, அதுதான் ஸ்டைல். இது அமெரிக்காவுல பெரிய ஆள் ஒருத்தர் வாசிச்சது, கன்ட்ரி மியூசிக் ஒரிஜினல். விக்கும்போதே சொல்லித்தான் குடுத்தாங்க."

"அமெரிக்காவும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல" என்று நான் உள்ளே புகுந்தேன். "இவர் வாசிச்சதுப்பா இது. இந்தா நிக்கிறாருல்ல, இவரு. நான் பக்கத்துல இருந்தேன். வேர்வையில கை வழுக்கிருச்சு. உனக்கு வித்தவன் பொய் சொல்லி வித்துருக்கான்."

அவன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். ரப்பர் செருப்பு, காதோரத்தில் டை, கையில் பழைய பெட்டி. அவன் சிரிக்கவில்லை. மெதுவாக, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது போலச் சொன்னான். "சரிங்கம்மா. பந்தி இன்னும் நடக்குது. அவரைக் கூட்டிட்டுப் போயி முதல்ல சாப்பிட வைங்க."

வெளியே வந்தோம். நான் முதலாளியையும் அவன் வம்சத்தையும் ஆட்டோக்காரர் காது பொத்துகிற அளவுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராமநாதபுரம் வரைக்கும்னு சொன்னானேம்மா" என்றார்.

"ஆமாண்ணே."

"எல்லார்கிட்டயும் அமெரிக்காக்காரன்னு சொல்லியா வித்துருப்பான்?"

"அப்படித்தான் இருக்கும்."

"அப்ப நான்தான்னு போயிச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக."

"மாட்டாகண்ணே."

"வாசிச்சது நான் இல்லைன்னு ஆயிப்போச்சுன்னா, அந்தத் தப்பை யாரும்மா வந்து திருத்துறது?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "யாரும் திருத்த முடியாதுண்ணே" என்று சொன்னேன்.